சீக்ரெட் கீயை மாற்றியாச்சா? – வாசகர் கேள்வி பதில்

மென்பொருளோடு கூடவே வந்துசேரும் டீஃபால்ட் சீக்ரெட் கீ (லாகின் குக்கி போன்றவற்றில் கையெழுத்துப் போட மென்பொருள் பயன்படுத்தும் ரகசிய எழுத்துத்தொடர்) பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டோம். கட்டளைகளின் பெயரைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஜவுளி நிறுவனத்தில் விற்பனை டேஷ்போர்டுக்காக அப்பாச்சி சூப்பர்செட்டை டாக்கர் வழியாகப் போட்டிருக்கிறோம். அட்மின் பாஸ்வேர்டு 18 எழுத்து. ஆடிட்டுக்கு வந்தவர் "சீக்ரெட் கீ டீஃபால்ட்டில் இருக்கிறது, மிக ஆபத்து" என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனார். பாஸ்வேர்டு இவ்வளவு பலமாக இருக்கும்போது இது என்ன பெரிய விஷயம்?
– ஐ.டி. பொறுப்பாளர், ஈரோடு

பதில்: ஆடிட்டர் எழுதியது சரி. உங்கள் பாஸ்வேர்டை உடைக்க யாரும் மெனக்கெடப் போவதில்லை. அதைத் தொடாமலேயே உள்ளே வர வழி இருக்கிறது.

நீங்கள் ஒருமுறை லாகின் செய்ததும் சர்வர் உங்கள் பிரவுசருக்கு ஒரு செஷன் குக்கியைக் கொடுக்கிறது. அடுத்தடுத்த கிளிக்குகளில் சர்வர் பார்ப்பது அந்தக் குக்கியை மட்டும்தான். சூப்பர்செட் ஃபிளாஸ்க்கில் (பைதான் வெப் ஃபிரேம்வொர்க்) எழுதப்பட்டது. ஃபிளாஸ்க் குக்கி என்பது நடுவே புள்ளி வைத்துப் பிரித்த மூன்று துண்டுகள்: முதலில் தகவல், பிறகு நேரம், கடைசியில் கையெழுத்து. தகவல் துண்டு என்கிரிப்ட் ஆனதல்ல, வெறும் பேஸ்64 என்ற எழுத்துமாற்றம். யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். உள்ளே இருப்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. யூசர் ஐடி ஒரு எண், மொழி, இன்னும் சில. முதலில் உருவாக்கிய அட்மினுக்கு அந்த எண் பெரும்பாலும் 1.

அப்படியானால் யாரும் 1 என்று எழுதி அனுப்பிவிட முடியாதா? முடியாமல் தடுப்பது மூன்றாவது துண்டான கையெழுத்து ஒன்றுதான். முதல் இரண்டு துண்டுகளையும் சீக்ரெட் கீயையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவது அது. கீ தெரியாதவனுக்குச் சரியான கையெழுத்து வராது, சர்வர் குக்கியைத் தூக்கி எறிந்துவிடும். கீ தெரிந்தவனுக்கோ, லாகின் பக்கத்தைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. யூசர் ஐடி 1 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பிரவுசரில் ஒட்டினால் அவன்தான் அட்மின். தவறான பாஸ்வேர்டு முயற்சி என்று சர்வரின் லாகில் (பதிவுக் கோப்பில்) ஒரு வரிகூட விழாது. இதற்கென்றே ஃபிளாஸ்க்-அன்சைன் என்று இலவசக் கருவி இருக்கிறது: ஒரு குக்கியைக் கொடுத்தால் தெரிந்த கீகளின் பட்டியலை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்தினால் புதுக் குக்கியும் செய்து தரும். இந்தச் சோதனைக்கு உங்கள் சர்வரிடமிருந்து தாக்குபவனுக்குத் தேவை ஒரே ஒரு குக்கி. லாகின் பக்கத்தைத் திறந்தாலே அது கிடைத்துவிடும்.

இது ஏட்டளவு ஆபத்து அல்ல. ஹொரைசன்3 என்ற பாதுகாப்பு நிறுவனம் 2021 அக்டோபரில் இணையத்தில் திறந்திருந்த 1,288 சூப்பர்செட் சர்வர்களைப் பார்த்தபோது 918-இல் டீஃபால்ட் கீதான் இருந்தது. 2022 ஜனவரியில் சூப்பர்செட் குழுவினர் அந்த டீஃபால்ட்டை "சேஞ்ச் மீ டு எ காம்ப்ளெக்ஸ் ராண்டம் சீக்ரெட்" என்று மாற்றி, லாகில் ஒரு எச்சரிக்கையும் சேர்த்தார்கள். ஓராண்டு கழித்து மறுபடி பார்த்தால், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சர்வர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் நிலைமை அப்படியே. "என்னை மாற்று" என்று கீயே கெஞ்சுகிறது, மாற்றத்தான் ஆளில்லை. லாகில் விழும் எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. கடைசியில் 2023-இல் வந்த 2.1 பதிப்பில், அந்த டீஃபால்ட் இருந்தால் மென்பொருள் ஸ்டார்ட்டே ஆகாது என்று செய்துவிட்டார்கள். இந்த ஓட்டையின் எண் சிவிஇ-2023-27524. நடைமுறைத் தாக்குதலில் பயன்படும் ஓட்டைகள் என்று அமெரிக்காவின் சிசா அமைப்பு வைத்திருக்கும் பட்டியலில் 2024 ஜனவரியில் இது சேர்ந்தது.

நீங்கள் டாக்கரில் போட்டிருப்பதால் ஒன்றைக் கூடுதலாகக் கவனியுங்கள். 2.1-இன் தடுப்பு அந்த ஒரு டீஃபால்ட்டை மட்டும் பார்க்கிறது. டாக்கர் கம்போஸ் கோப்புகளோடு வரும் என்வ் கோப்பில் (அமைப்பு மதிப்புகள் எழுதும் கோப்பு) "டெஸ்ட் நான் டெவ் சீக்ரெட்" என்று வேறொரு கீ இருக்கும். ஹெல்ம் என்ற இன்னொரு நிறுவல் முறையின் டெம்ப்ளேட்டிலும் அதற்கென்று ஒரு மாதிரிக் கீ வந்தது. இவையும் ஊரறிந்தவைதான். ஆனால் தடுப்பில் சிக்காததால் சர்வர் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும். "புதுப் பதிப்புக்கு வந்துவிட்டோம்" என்று விட்டுவிடாதீர்கள்.

மாற்றும்போது அவசரம் வேண்டாம். சூப்பர்செட் இதே கீயை இன்னொரு வேலைக்கும் பயன்படுத்துகிறது: நீங்கள் இணைத்திருக்கும் டேட்டாபேஸ்களின் பாஸ்வேர்டுகளை என்கிரிப்ட் செய்து தன் மெட்டாடேட்டா டேட்டாபேஸில் வைப்பது. கீயை மட்டும் மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் பழைய பாஸ்வேர்டுகளைப் பிரிக்க முடியாமல் டேஷ்போர்டு முழுவதும் எர்ரர் வரும். முறை இதுதான். முதலில் மெட்டாடேட்டா டேட்டாபேஸை பேக்கப் எடுங்கள். ஓபன்எஸ்எஸ்எல்லின் ராண்ட் கட்டளையில் பேஸ்64 தேர்வும் 42 என்ற எண்ணும் கொடுத்துப் புதுக் கீ உருவாக்குங்கள். சூப்பர்செட் கான்ஃபிக்கில் பழையதை "பிரீவியஸ் சீக்ரெட் கீ" என்ற பெயரிலும் புதியதை "சீக்ரெட் கீ" என்ற பெயரிலும் வைத்து, சூப்பர்செட் கட்டளையோடு "ரீ-என்கிரிப்ட்-சீக்ரெட்ஸ்" கொடுத்து ஓட்டுங்கள். டேஷ்போர்டுகள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு பழைய கீ வரியை அழியுங்கள். வெப், வொர்க்கர், பீட் என்று எத்தனை கன்டெய்னர் ஓடுகிறதோ அத்தனையிலும் ஒரே புதுக் கீ இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், இரவு அனுப்ப வேண்டிய ரிப்போர்ட் மட்டும் போகாது.

அதோடு முடியவில்லை. சர்வர் இணையத்தில் திறந்திருந்தால், இணைத்த டேட்டாபேஸ்களின் பாஸ்வேர்டுகள் வெளியே போய்விட்டன என்றே வைத்துக்கொண்டு அவற்றையும் மாற்றுங்கள். யூசர் பட்டியலில் அறிமுகமில்லாத பெயர் இருக்கிறதா, எஸ்க்யூஎல் லேபின் குவெரி வரலாற்றில் உங்கள் ஆட்கள் எழுதாத குவெரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சர்வர் இணையத்தில் இல்லை, ஆபீஸ் லேனில் மட்டும்தான். அப்போதும் மாற்ற வேண்டுமா?
– வாசகர், சிவகாசி

பதில்: வேண்டும். லேனில் இருக்கும் ஒரு கணினியில் வைரஸ் வந்தாலே அந்தச் சர்வர் அதன் எட்டும் தூரத்தில்தான். அவசரம் குறைவு, அவ்வளவே. இன்று இரவே வேண்டாம், இந்த வாரத்துக்குள் முடியுங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸ் தளத்தின் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பைத் திறந்து பார்த்தேன். எட்டு வரிகளிலும் "புட் யுவர் யூனிக் ஃப்ரேஸ் ஹியர்" என்றே இருக்கிறது. மூன்று வருடமாகத் தளம் ஓடுகிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: பயப்பட வேண்டாம். இந்த விஷயத்தில் வேர்ட்பிரஸ் கொஞ்சம் உஷார். அந்த மாதிரி வாக்கியம் அப்படியே இருந்தால் அதைப் பயன்படுத்தாமல், தானே ராண்டமாக ஒன்றை உருவாக்கித் தன் டேட்டாபேஸில் சேமித்துக்கொள்ளும். எட்டு வரிகளில் ஒரே கீயைத் திரும்பத் திரும்பப் போட்டிருந்தாலும் அப்படித்தான். மேலும் வேர்ட்பிரஸ் லாகின் குக்கியில் கீ மட்டும் போதாது. பாஸ்வேர்டு ஹாஷின் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டுச் சேமித்த மதிப்பு) ஒரு துண்டும், டேட்டாபேஸில் பதிவான செஷன் டோக்கனும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

ஆனாலும் மாற்றிவிடுங்கள். கீ டேட்டாபேஸிலேயே இருந்தால், ஏதாவது பிளகின் ஓட்டை வழியாக டேட்டாபேஸைப் படிப்பவனுக்கு எல்லாமே ஒரே இடத்தில் கிடைத்துவிடும். வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கின் சீக்ரெட் கீ பக்கம் எட்டு வரிகளையும் புதிதாகத் தரும். திறக்கும் ஒவ்வொரு முறையும் வேறு. அதை ஒட்டினால் போதும். டபிள்யூபி-சிஎல்ஐ இருந்தால் கான்ஃபிக் ஷஃபிள்-சால்ட்ஸ் என்ற கட்டளை இதையே செய்யும். எல்லாரும் லாக்அவுட் ஆவார்கள், பாஸ்வேர்டுகள் மாறாது. சில பிளகின்கள் இந்தக் கீகளை வைத்துத் தங்கள் டோக்கன்களையும் மெயில் பாஸ்வேர்டையும் என்கிரிப்ட் செய்து வைத்திருக்கும். எனவே மாற்றிய கையோடு ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பிப் பாருங்கள். போகவில்லை என்றால் அந்தப் பிளகினில் பாஸ்வேர்டை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். வெப் டிசைனர் ஒரு தளத்தைச் செய்து முடித்து, அதையே மொத்தமாக ஜிப் செய்து, அடுத்த 30 வாடிக்கையாளருக்கும் பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொடுப்பது நம் ஊரில் சகஜம். அந்த எட்டு வரிகளிலும் பார்க்க நல்ல ராண்டம் கீகள் இருக்கும். மாதிரி வாக்கியம் இல்லாததால் வேர்ட்பிரஸுக்குச் சந்தேகம் வராது. 31 தளங்களுக்கும் ஒரே கீ என்பது அந்த டிசைனருக்கு மட்டும்தான் தெரியும். டிசைனர் கைமாற்றிக் கொடுத்த தளம் என்றால் கேள்வியே கேட்காமல் கீகளை மாற்றுங்கள்.

கேள்வி: எக்ஸாம்ப் (XAMPP) தொகுப்பில் டேட்டாபேஸை நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மின் "ப்ளோஃபிஷ் சீக்ரெட்" பற்றி மிரட்டுகிறதே?
– பாலிடெக்னிக் மாணவர், விருதுநகர்

பதில்: எக்ஸாம்ப் அதை "xampp" என்ற ஐந்தெழுத்தாகவே வைத்துத் தருகிறது. தேவை 32 பைட். ஆனால் உங்கள் முதல் கவலை அது அல்ல. எக்ஸாம்ப்பின் கான்ஃபிக்கில் ஆத் டைப் "கான்ஃபிக்" என்றும், யூசர் ரூட் என்றும், பாஸ்வேர்டு காலியாகவும் இருக்கும். அதாவது ப்ளோஃபிஷ் கீ பயன்படும் குக்கி முறையே அங்கே ஓடவில்லை. பக்கத்தைத் திறப்பவர் யாராக இருந்தாலும் ரூட். உங்கள் லேப்டாப்புக்குள் படிக்க மட்டும் என்றால் பரவாயில்லை. ராக்கெட் வேகத்தில் ப்ராஜெக்ட் முடிக்க வேண்டுமென்று அதே எக்ஸாம்ப்பை இணையச் சர்வரில் ஏற்றிவிடாதீர்கள்.

கேள்வி: ஜாங்கோ ப்ராஜெக்டை கிட்ஹப்பில் ஏற்றியபோது செட்டிங்ஸ் கோப்பில் சீக்ரெட் கீயும் போய்விட்டது. அடுத்த கமிட்டிலேயே நீக்கிவிட்டேன். போதுமா?
– எம்.சி.ஏ. மாணவி, சென்னை

பதில்: போதாது. கிட் பழைய கமிட்டை மறக்காது. பொது ரெப்போவாக இருந்தால் கீகளைத் தேடித் திரியும் பாட்கள் அதற்குள் பார்த்திருக்கும். வரலாற்றைச் சுத்தம் செய்வது இரண்டாவது வேலை. முதல் வேலை கீயை மாற்றுவது.

எவ்வளவு ஆபத்து என்பது ப்ராஜெக்டைப் பொறுத்தது. செஷன் டேட்டாபேஸில் இருந்தால் (ஜாங்கோவின் டீஃபால்ட் அதுதான்) செஷன் ஐடி வெறும் ராண்டம் எண், கீயை வைத்து அதை உருவாக்க முடியாது. பாஸ்வேர்டு ரீசெட் லிங்க்கிலும் பாஸ்வேர்டு ஹாஷ் கலந்திருப்பதால் கீ மட்டும் போதாது. ஆனால் "சைன்ட் குக்கீஸ்" செஷன் போட்டிருந்தால் நேராக அட்மின் ஆகிவிடலாம். அதோடு பழைய பிக்கிள் சீரியலைசரும் (பைதான் ஆப்ஜெக்டை அப்படியே சேமிக்கும் முறை) சேர்ந்திருந்தால் சர்வரில் கோடே ஓட்டலாம், ஜாங்கோ 5.0-இல் அதை எடுத்தே விட்டார்கள். பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: ரெஸ்ட் ஃபிரேம்வொர்க்கோடு சிம்பிள் ஜேடபிள்யூடி (லாகினுக்குக் கையெழுத்திட்ட டோக்கன் தரும் லைப்ரரி) பயன்படுத்தினால், தனியாகக் கீ கொடுக்காதவரை அது ஜாங்கோவின் சீக்ரெட் கீயையே எடுத்துக்கொள்ளும். மொபைல் ஆப்புக்கு ஏபிஐ எழுதும் மாணவர் ப்ராஜெக்டுகளில் பல இப்படித்தான் இருக்கும். அங்கே கீ கசிந்தால் எந்த யூசரின் டோக்கனையும் உருவாக்கலாம்.

ஜாங்கோ 4.1 முதல் "சீக்ரெட் கீ ஃபால்பேக்ஸ்" என்ற பட்டியல் இருக்கிறது. பழைய கீயை அதில் வைத்தால் யாரும் லாக்அவுட் ஆகாமல் புதுக் கீக்கு மாறலாம். வழக்கமான மாற்றத்துக்கு அது நல்லது. கசிந்த கீக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். பட்டியலில் இருக்கும்வரை பழைய கீ போட்ட கையெழுத்தும் செல்லும், திருடனுக்கும் அதே சலுகை. உங்கள் விஷயத்தில் எல்லாரும் லாக்அவுட் ஆகட்டும்.

புதுக் கீயை என்விரான்மென்ட் வேரியபிளில் வைக்கும்போது மூன்று இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, என்விரான் கெட் என்று எழுதி, இரண்டாவது மதிப்பாகப் பழைய "ஜாங்கோ-இன்செக்யூர்" கீயைக் கொடுப்பது. சர்வரில் வேரியபிள் செட் ஆகவில்லை என்றால் சத்தமில்லாமல் பழைய கீ திரும்பிவிடும். கெட் வேண்டாம், சதுர அடைப்பில் நேராக எடுங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட் ஆகும்போதே எர்ரர் வரும். அதுதான் நமக்கு வேண்டியது. இரண்டு, செட்டிங்ஸ் கோப்புக்குள்ளேயே ராண்டம் கீ உருவாக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடுவது. ஜாங்கோவை ஓட்டும் ஜியூனிகார்ன் (gunicorn) சர்வர் நான்கு வொர்க்கரோடு ஓடினால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கீ செய்துகொள்ளும். ஒரு கிளிக்கில் லாகின், அடுத்த கிளிக்கில் லாக்அவுட் என்று ஆடும், காரணம் தேடி அலைவீர்கள். மூன்று, என்வ் கோப்பில் டாலர் ($), ஹாஷ் (#) குறியுள்ள கீயை ஒட்டுவது. டாக்கர் கம்போஸ் டாலரைக் கண்டால் வேரியபிள் என்று நினைத்து மதிப்பைத் தேடும். ஹாஷைக் கண்ட இடத்தில் மீதியைக் குறிப்பு என்று வெட்டிவிடும் ரீடர்களும் உண்டு. 50 எழுத்துக் கீ 11 எழுத்தாகச் சுருங்கிப் போயிருக்கும், யாருக்கும் தெரியாது. ஹெக்ஸ் எழுத்துகளில் கீ வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

எல்லாம் முடிந்ததும் மேனேஜ் கோப்பில் செக் கட்டளையை டிப்ளாய் தேர்வோடு ஓட்டுங்கள். கீ 50 எழுத்துக்குக் குறைவாக இருந்தாலோ, "ஜாங்கோ-இன்செக்யூர்" என்று தொடங்கினாலோ டபிள்யூ009 என்ற எச்சரிக்கை வரும்.

கேள்வி: பழைய ஜாவா அப்ளிகேஷன் ஒன்று அப்பாச்சி ஷீரோவில் (லாகினைக் கையாளும் லைப்ரரி) இருக்கிறது. டீஃபால்ட் கீ பிரச்சினை "ரிமெம்பர் மீ"யில்தான் என்கிறார்கள். எங்கள் லாகின் பக்கத்தில் அந்தச் செக்பாக்ஸே கிடையாது. தப்பித்தோமா?
– டெவலப்பர், மதுரை

பதில்: இல்லை. செக்பாக்ஸ் திரையில் இருப்பது. குக்கியைப் படிப்பது சர்வர். யாராவது ரிமெம்பர்மீ என்ற பெயரில் ஒரு குக்கியை அனுப்பினாலே ஷீரோ அதை எடுத்துப் பிரிக்கப் பார்க்கும்.

1.2.4 வரையான பதிப்புகளில் அந்தக் குக்கிக்கான ஏஇஎஸ் என்கிரிப்ஷன் கீ சோர்ஸ் கோடிலேயே எழுதப்பட்டிருந்தது, உலகம் முழுக்க ஒன்றே. பிரித்ததும் உள்ளே இருப்பதை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும். அந்த இடத்தில்தான் தாக்குபவன் தன் கோடை ஓட்டுகிறான். லாகின் கூடத் தேவையில்லை. எண் சிவிஇ-2016-4437, 1.2.5-இல் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் ராண்டம் கீ உருவாகும்படி திருத்தினார்கள். ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் கீ மாறுவது பிடிக்காமல், இணையத்தில் கிடைத்த மாதிரி கோடிலிருந்து கீயை எடுத்து கான்ஃபிக்கில் ஒட்டிக்கொண்டவர்கள் ஏராளம். அந்த மாதிரிக் கீகளையும் தாக்குபவர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆகவே பதிப்பு எண்ணைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். சோர்ஸில் "செட் சைஃபர் கீ" என்று தேடுங்கள். அங்கே நேரடியாக எழுதிய பேஸ்64 வரி இருந்தால் அதை அப்படியே தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். ஒரு முடிவு வந்தாலும் போச்சு.

வெளியிலிருந்து பார்க்க ஒரு எளிய அடையாளம்: ஏதோ ஒரு குப்பை மதிப்போடு ரிமெம்பர்மீ குக்கியை அனுப்புங்கள். பதிலில் "டிலீட்மீ" என்று திரும்பி வந்தால் அங்கே ஷீரோ அந்தக் குக்கியைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தேவையே இல்லை என்றால் ரிமெம்பர் மீ மேனேஜரை முழுதாக எடுத்துவிடுவது நல்லது. வைத்துக்கொள்வதானால் குறைந்தது 1.4.2-க்காவது போங்கள். அதற்கு முன் என்கிரிப்ஷன் முறையிலேயே தனியாக ஒரு ஓட்டை இருந்தது.

கேள்வி: லோடு பேலன்சருக்குப் பின்னால் இரண்டு ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர்) சர்வர்கள். "வியூஸ்டேட் மேக் வேலிடேஷன் ஃபெயில்ட்" என்று எர்ரர் வந்தது. இணையத்தில் கிடைத்த மெஷின் கீயை இரண்டிலும் போட்டதும் சரியாகிவிட்டது. இதில் தவறு உண்டா?
– டாட்நெட் டெவலப்பர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு சர்வருக்கும் ஒரே கீ வேண்டும் என்பது சரி. அந்தக் கீ இணையத்தில் கிடைத்தது என்பதுதான் தவறு. மைக்ரோசாஃப்ட் 2025 பிப்ரவரியில், பொதுவெளியில் கிடக்கும் 3,000-க்கும் மேற்பட்ட ஏஎஸ்பி டாட்நெட் மெஷின் கீகளைக் கண்டதாக எச்சரித்தது. அப்படிப்பட்ட ஒரு கீயை வைத்து 2024 டிசம்பரில் ஒரு தாக்குதல் நடந்ததையும் சொன்னது. வியூஸ்டேட் என்பது பக்கத்தின் நிலையைச் சுமந்து பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே போய்வரும் தகவல்; கீ கையில் இருந்தால் விஷ வியூஸ்டேட் ஒன்றைச் செய்து அனுப்பலாம். சர்வர் அதைத் தன்னுடையது என்று நம்பி ஐஐஎஸ் பிராசஸுக்குள்ளேயே ஓட்டிவிடும். இது தனியாள் தவறாக மட்டும் இருந்ததில்லை. எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வரின் எல்லா இன்ஸ்டாலேஷனிலும் ஒரே வேலிடேஷன் கீ இருந்ததை மைக்ரோசாஃப்டே 2020 பிப்ரவரியில் திருத்தியது. சைட்கோர் என்ற இணையதள மென்பொருளின் 2017 வரையான கையேடுகளில் உதாரணத்துக்குக் கொடுத்த கீயை அப்படியே வைத்திருந்தவர்கள் 2025-இல் தாக்கப்பட்டார்கள்.

ஐஐஎஸ் மேனேஜரில் உங்கள் தளத்தைத் தேர்ந்தெடுத்து, மெஷின் கீ பக்கத்துக்குப் போங்கள். "ஆட்டோமேட்டிக்காக உருவாக்கு" என்ற டிக்குகளை எடுத்து, வலப்பக்கம் ஜெனரேட் கீஸ் அழுத்தி, அப்ளை கொடுங்கள். அதே மதிப்புகளை இரண்டாவது சர்வரில் ஒட்டுங்கள். ஒரே சர்வர்தான் என்றால் இந்த வேலையே வேண்டாம். அந்த டிக்குகள் இருக்கட்டும், மெஷின் கீ வரியை வெப் கான்ஃபிக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். இணையக் கீயோடு எத்தனை நாள் ஓடியது என்பதைப் பொறுத்து இன்னொரு வேலையும் இருக்கிறது: ஏற்கெனவே யாராவது நுழைந்து பின்வாசல் வைத்திருந்தால் கீயை மாற்றுவது அவர்களை வெளியேற்றாது. வெப் ஃபோல்டர்களில் புதிதாக முளைத்த ஏஎஸ்பிஎக்ஸ் கோப்புகளையும், ஐஐஎஸ்ஸில் ஏறியிருக்கும் மாட்யூல்களையும் ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: ஒரே விஎம் (மெய்நிகர் கணினி) டெம்ப்ளேட்டிலிருந்து 14 லினக்ஸ் சர்வர்களைக் குளோன் செய்தோம். எல்லாவற்றிலும் எஸ்எஸ்ஹெச் ஃபிங்கர்பிரின்ட் (சர்வரின் அடையாளக் கீயின் சுருக்கம்) ஒன்றேதான். விட்டுவிடலாமா?
– சிஸ்டம் அட்மின், திருச்சி

பதில்: விடாதீர்கள். 14-இல் ஒன்றில் ரூட் கிடைத்தவன் மற்ற 13-இன் வேடத்தையும் போடலாம். உங்கள் எஸ்எஸ்ஹெச் எந்த எச்சரிக்கையும் காட்டாது, பாஸ்வேர்டு அடித்து லாகின் செய்பவராக இருந்தால் அது அவன் கைக்குப் போகும். ரவுட்டர், கேமரா தயாரிப்பாளர்களும் ஃபர்ம்வேரில் ஒரே கீயைப் பதித்து விற்றதை 2015-இல் செக் கன்சல்ட் நிறுவனம் அம்பலப்படுத்தியது: 4,000-க்கும் மேற்பட்ட சாதனங்களின் ஃபர்ம்வேரைப் பிரித்ததில் 580-க்கும் மேற்பட்ட தனித்தனி பிரைவேட் கீகள் கிடைத்தன.

ஒவ்வொரு சர்வரிலும் ஈடிசிக்குக் கீழ் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டரில் "எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட்" என்று தொடங்கும் கோப்புகளை அழித்து, எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையைப் பெரிய ஏ தேர்வோடு ஓட்டி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் இருக்கும் இணைப்பு அறாது. ஆனாலும் அதை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு ஜன்னலில் லாகின் ஆகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். பிறகு உங்கள் கணினியின் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய பதிவுகளை நீக்க வேண்டும், இல்லையென்றால் பெரிய எச்சரிக்கை வரும். புதுக் கீயின் ஃபிங்கர்பிரின்ட்டை விஎம் கன்சோலில் பார்த்து ஒப்பிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு "யெஸ்" அடித்தால் மாற்றியதில் பயனில்லை.

டெம்ப்ளேட்டையும் திருத்துங்கள். மூடுவதற்கு முன் ஹோஸ்ட் கீகளை அழித்துவிட்டு, மெஷின்-ஐடி கோப்பை (கணினியின் அடையாள எண் இருக்கும் கோப்பு) காலியாக்குங்கள். கிளவுட்-இனிட் (முதல் பூட்டில் விஎம்மை அமைக்கும் கருவி) இருந்தால் அதன் கிளீன் கட்டளையையும் ஓட்டுங்கள். முதல் பூட்டில் அதுவே புதுக் கீகளை உருவாக்கும். மெஷின்-ஐடி ஒன்றாக இருந்தால் புது உபுண்டுகளில் டிஹெச்சிபி இரண்டு விஎம்முக்கு ஒரே ஐபியைக் கொடுப்பதும் நடக்கும். "நெட்வொர்க் அப்பப்போ போகுது" என்ற புகாருக்குப் பின்னால் இது ஒளிந்திருக்கலாம்.

கேள்வி: கீ எவ்வளவு நீளம் வேண்டும்? கம்பெனி பெயரோடு வருடத்தைச் சேர்த்து நீளமாக ஒரு வாக்கியம் வைத்தால் போதாதா?
– வாசகர், சேலம்

பதில்: போதாது. பாஸ்வேர்டு என்றால் ஐந்து தவறுக்குப் பிறகு கணக்கைப் பூட்டலாம். கீயை ஊகிப்பவன் உங்கள் சர்வரைத் தொடாமல், ஒரு குக்கியையோ ஜேடபிள்யூடி டோக்கனையோ எடுத்துக்கொண்டு போய்த் தன் கிராஃபிக்ஸ் கார்டில் இரவெல்லாம் ஓட்டுவான். ஹாஷ்கேட் என்ற ஊகிக்கும் கருவியில் ஜேடபிள்யூடிக்கென்றே 16500 என்ற தேர்வு இருக்கிறது. கம்பெனி பெயரும் வருடமும் முதல் சில நிமிடங்களில் வந்துவிடும். ஜேடபிள்யூடியில் ஹெச்எஸ்256 கையெழுத்து முறை என்றால் குறைந்தது 256 பிட் வேண்டும் என்று ஆர்எஃப்சி 7518 என்ற இணையத் தரநிலை சொல்கிறது. அதாவது 32 ராண்டம் பைட். ஓபன்எஸ்எஸ்எல் ராண்ட், ஹெக்ஸ், 32 என்று கொடுத்தால் 64 எழுத்தில் வரும். சாட்பாட்டிடம் "ஒரு ராண்டம் கீ கொடு" என்று கேட்காதீர்கள். பார்க்கத்தான் ராண்டமாக இருக்கும்.

கேள்வி: கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் செய்து விற்கிறோம். எல்லாக் கடையிலும் இதுவரை ஒரே கீதான். இனி எப்படி வடிவமைப்பது?
– சிறு மென்பொருள் நிறுவனம், தஞ்சாவூர்

பதில்: மாதிரிக் கான்ஃபிக்கில் கீ வரியைக் காலியாக விடுங்கள். "சேஞ்ச் மீ" கூட வேண்டாம்; எதை எழுதினாலும் அது எங்காவது நிலைத்துவிடும். முதல் ஸ்டார்ட்டில் மென்பொருளே இயங்குதளத்தின் ராண்டம் மூலத்திலிருந்து 32 பைட் எடுத்து, தனிக் கோப்பில் எழுதி, சர்வீஸ் யூசர் மட்டும் படிக்கும்படி 600 உரிமை வைக்கட்டும். கோப்பு ஏற்கெனவே இருந்தால் மேலெழுதக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையை மறந்தால் அப்டேட் செய்யும் நாளில் பழைய தகவல்கள் எதையும் பிரிக்க முடியாமல் போகும். குக்கிக்கு ஒரு கீ, டேட்டாபேஸில் என்கிரிப்ட் செய்ய வேறொரு கீ என்று இரண்டாக வையுங்கள். அப்போது முதலாவதை எப்போது வேண்டுமானாலும் தயக்கமில்லாமல் மாற்றலாம்.

ஏற்கெனவே ஓடும் கடைகளுக்கு அடுத்த அப்டேட்டில் ஒரு சோதனை சேருங்கள்: பழைய பொதுக் கீ இருப்பது தெரிந்தால் டேட்டாபேஸை பேக்கப் எடுத்து, புதுக் கீ உருவாக்கி, டேட்டாபேஸில் என்கிரிப்ட் ஆன நெடுவரிசைகளை ஒரே டிரான்ஸாக்‌ஷனில் மாற்றி எழுதி, எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் கமிட். கடை மூடிய பிறகு ஓடும்படி வையுங்கள். புதுக் கீக் கோப்பின் ஒரு நகலைக் கடைக்காரர் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஆனால் டேட்டாபேஸ் பேக்கப் இருக்கும் அதே பென்டிரைவில் வேண்டாம். பழைய பொதுக் கீயை உங்கள் கோடில் "தடை" பட்டியலில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். ஒரு வருடம் கழித்து யாராவது பழைய கான்ஃபிக்கை ரீஸ்டோர் செய்தால், லாகில் எச்சரிக்கை எழுதிவிட்டு ஓடாமல், திரையில் காரணத்தைச் சொல்லிவிட்டு மென்பொருள் நின்றுவிட வேண்டும்.